வண்ணாரப்பேட்டை லைன் வீட்டில் பன்றிக்காய்ச்சல், ஏழு மாதக் கர்ப்பிணியும் கூடவே இருக்கிறாள்: என்ன செய்வது?

வண்ணை மல்லி | புதன், இரவு 9:40

இந்த இழையைத் திறக்கவே ரொம்ப நேரம் யோசித்தேன். எங்கள் சந்தில் யாராவது படித்து அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம். ஆனால் இந்த நேரத்தில் கேட்க வேறு ஆள் இல்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் லைன் வீடு. ஆறு குடித்தனம், பொதுவில் ஒரு அடிபம்பு, பொதுவில் ஒரு கழிப்பறை. எங்களுக்கு ஒரு அறையும் சமையல்கட்டும். நான், வீட்டுக்காரர், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், சர்க்கரை உள்ள மாமியார். போன ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் நாத்தனாருக்கு வளைகாப்பு. அன்று சாயங்காலமே தாய்வீட்டுக்கு என்று எங்களோடு கூட்டி வந்துவிட்டோம்.

திங்கள் இரவு வீட்டுக்காரருக்குக் குளிர்க்காய்ச்சல், 103. எச்சில் விழுங்க முடியவில்லை, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி கிடந்தார். செவ்வாய் காலை பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். குறையவில்லை. மாலையில் வேறு மருத்துவரிடம் போனோம். மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்தார்கள். இன்று சாயங்காலம் முடிவு வந்தது: எச்1என்1. ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் மாமியார் சொன்ன முதல் வார்த்தை, "பன்னிக்காய்ச்சலா? வெளியே மூச்சு விடாதே." நானும் விடவில்லை. ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால் நாத்தனார், "அண்ணி, முதுகெல்லாம் வலிக்குது, லேசா சுடுற மாதிரி இருக்கு" என்றாள். வைத்துப் பார்த்தேன், 100.6. வறட்டு இருமலும் இருக்கிறது. காலை வரை பார்க்கலாமா? கர்ப்பத்தில் அந்த மாத்திரை கொடுக்கலாமா? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காசிமேட்டான் | புதன், இரவு 9:52

அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாத்தனார் படுத்திருக்கும்போது மூச்சு வாங்குகிறாளா? பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு இழுக்கிறாளா? அப்படி இருந்தால் இதைப் படித்துக்கொண்டு இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

வண்ணை மல்லி | புதன், இரவு 9:55

இல்லை தம்பி. நன்றாகப் பேசுகிறாள். குழந்தை உதைக்கிறது என்கிறாள். சுடுகிறது, வலிக்கிறது, அவ்வளவுதான்.

ராயபுரம் நர்ஸ் அக்கா | புதன், இரவு 10:10

மல்லி, நான் 31 வருடம் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். 2009-லும் 2015-லும் காய்ச்சல் வார்டில் நின்றிருக்கிறேன். பதற்றப்படாமல் படியுங்கள்.

முதலில் நாத்தனார். காலை வரை பார்க்கலாம் என்ற பேச்சு உங்கள் வீட்டுக்காரருக்கு வேண்டுமானால் சரி, அவளுக்குச் சரியில்லை. ஏழாம் மாதத்தில் கருப்பை மேலே ஏறி நுரையீரல் விரிய இடம் குறைந்திருக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் கர்ப்பத்தில் வேறு விதமாக இருக்கும். அதனால்தான் இந்தக் காய்ச்சல் சாதாரணப் பெண்ணுக்கு ஒரு வாரச் சங்கடமாகப் போவது, கர்ப்பிணிக்கு நிமோனியாவாக மாறக்கூடும். 2009-இல் வார்டில் எங்களை நடுங்க வைத்தவர்கள் வயதானவர்களைவிட இளம் வயதுக்காரர்களும் கர்ப்பிணிகளும்தான்.

நீங்கள் கேட்ட மாத்திரை, ஓசல்டாமிவிர், அதைக் கர்ப்பிணிக்குத் தாராளமாகக் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிக்குக் காய்ச்சலும் இருமலும் இருந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதலே. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். வைரஸ் ஒரு செல்லிலிருந்து வெளியேறி அடுத்த செல்லைப் பிடிப்பதை இந்த மருந்து தடுக்கிறது. ஏற்கெனவே பல கோடியாகப் பெருகிவிட்டால் தடுத்து என்ன பயன்? அதற்காக இரண்டு நாள் தாண்டினால் மருந்தே வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது. மோசமாக இருப்பவர்களுக்கு அதற்குப் பிறகும் கொடுப்பார்கள்.

ஆனால் வீட்டுக்காரருடைய மாத்திரையை உடைத்து நீங்களாகக் கொடுக்காதீர்கள். இன்றிரவே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அவசரப் பிரிவு இரவு முழுவதும் இருக்கும். "ஏழு மாதம், காய்ச்சல், வீட்டில் ஒருவருக்கு எச்1என்1 உறுதியாகியிருக்கிறது" என்று போனதும் இந்த மூன்றையும் சொல்லுங்கள். மறைக்காதீர்கள். வீட்டுக்காரர் காகிதத்தையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு முகக்கவசம் போட்டுவிடுங்கள், அப்புறம் காத்திருக்கும் மற்றவர்களுக்குப் பரவாது.

அரசு இதை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி மட்டும் என்றால் முதல் வகை: பரிசோதனையும் வேண்டாம், அந்த மருந்தும் வேண்டாம், வீட்டில் ஓய்வு, ஒன்றிரண்டு நாள் கவனிப்பு. கடும் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும் உள்ளவர்கள், அல்லது காய்ச்சல் லேசாக இருந்தாலும் கர்ப்பிணி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, 65-க்கு மேற்பட்டவர், சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இரண்டாம் வகை: மருந்து உண்டு, வீட்டிலேயே தனிமை. மூன்றாம் வகைதான் படுக்கையில் சேர்க்க வேண்டியது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, அரைத் தூக்கமாகவே கிடப்பது, ரத்த அழுத்தம் இறங்குவது, சளியில் ரத்தம், நகம் நீலம் பாய்வது. குழந்தை என்றால் பாலோ சோறோ வேண்டாம் என்று ஒதுக்குவது, சமாதானமே ஆகாமல் அழுவது.

நாத்தனார் இரண்டாம் வகையில் இருக்கிறாள். மூன்றாம் வகைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் இன்றிரவே போகச் சொல்கிறேன்.

வண்ணை மல்லி | புதன், இரவு 10:18

கிளம்பிவிட்டோம் அக்கா. என் தம்பி ஆட்டோ எடுத்துக்கொண்டு வருகிறான். ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்க, கொரோனா நேரத்தில் வாங்கின ஆக்சிமீட்டர் இருக்கிறது, வைத்துப் பார்த்தால் 91 காட்டுகிறது. கை நடுங்குகிறது எனக்கு. நகம் நீலமா என்று பார்க்கவும் முடியவில்லை, வளைகாப்பு மருதாணி விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய் இருக்கிறது.

ராயபுரம் நர்ஸ் அக்கா | புதன், இரவு 10:21

மருதாணி கருமையாக இருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ கருவி தவறாகக் காட்டலாம். கால் விரலில் மருதாணி இல்லாத விரலைத் துடைத்து, சூடாகும்படி தேய்த்துவிட்டு, அதில் மாட்டுங்கள். ஒரு நிமிடம் ஆடாமல் இருக்கட்டும். நகம் தெரியாவிட்டால் உதட்டையும் நாக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். எண் எதுவாக இருந்தாலும் புறப்படுவதை நிறுத்தாதீர்கள்.

வண்ணை மல்லி | புதன், இரவு 10:27

கால் கட்டைவிரலில் 97. உதடு நாக்கு இரண்டும் சிவப்பாகத்தான் இருக்கிறது. ஆட்டோ வந்துவிட்டது.

கொடுங்கையூர் செல்வம் | வியாழன், காலை 6:30

இரவு முழுக்க இந்த இழையைத் திறந்து திறந்து பார்த்தேன். அந்தப் பெண் நல்லபடியாக இருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் குப்பைமேட்டு ஓரமும் கால்வாய் ஓரமும் பன்றிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதைப் பிடித்து அப்புறப்படுத்தினால் இந்தக் காய்ச்சல் வராது அல்லவா? அப்புறம் இன்னொன்று. வீட்டில் மாதம் ஒருமுறை பன்றிக்கறி எடுப்போம். நிறுத்த வேண்டுமா?

வியாசை வாத்தியார் | வியாழன், காலை 7:15

செல்வம், இந்தக் கேள்வியை என் வகுப்பில் பிள்ளைகளும் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பன்றிக்காய்ச்சல் என்பது ஒரு வகை ஃப்ளூ. ஃப்ளூ வைரஸின் மரபணு ஒரே இழையாக இருக்காது, எட்டுத் துண்டுகளாக இருக்கும். ஒரே உடம்பில் இரண்டு வகை ஃப்ளூ ஒரே சமயத்தில் புகுந்தால், இதில் மூன்று அதில் ஐந்து என்று துண்டுகள் கலந்து புதிதாக ஒன்று உருவாகிவிடும். பன்றியின் சுவாசக் குழாயில் மனித ஃப்ளூவும் தொற்றும், பறவை ஃப்ளூவும் தொற்றும். அதனால் கலவை நடக்க அது தோதான இடம். 2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸில் பன்றி, பறவை, மனிதன் மூன்று பக்கத்துத் துண்டுகளும் இருந்தன. பெயர் வந்தது அப்படித்தான். எச் என்பதும் என் என்பதும் வைரஸின் மேலே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு புரதங்கள். ஒன்று செல்லுக்குள் நுழைய, ஒன்று வெளியேற. நர்ஸ் அம்மா சொன்ன மருந்து அந்த இரண்டாவதைத்தான் அடைக்கிறது.

ஆனால் மனிதனுக்குள் வந்த பிறகு அது மனிதனிடமிருந்து மனிதனுக்குத்தான் பரவுகிறது. அந்த ஆண்டு மே மாதம் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டவர் ஹைதராபாத்துக்கு விமானத்தில் வந்து இறங்கியவர். ஜூன் 11-ஆம் தேதி உலக சுகாதார அமைப்பு இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 2010 ஆகஸ்டில் முடிந்தது என்று சொன்னார்கள், ஆனால் வைரஸ் எங்கும் போகவில்லை. அன்று முதல் ஆண்டுதோறும் வரும் ஃப்ளூக்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. 2015-இல் நாடு முழுக்க 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உறுதியாகி, கிட்டத்தட்ட 3 ஆயிரம் பேர் இறந்தார்கள். அவர்களுக்கு அது கால்வாய்ப் பன்றியிடமிருந்து வந்ததல்ல, பக்கத்தில் இருமிய மனிதரிடமிருந்து வந்தது.

எகிப்தில் 2009-இல் பயந்துபோய் நாட்டில் இருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளையும் கொல்ல உத்தரவிட்டார்கள். காய்ச்சல் அதனால் நிற்கவில்லை. கெய்ரோ நகரத்தின் மக்கும் குப்பையைத் தின்றுகொண்டிருந்தவை அந்தப் பன்றிகள்தான். அவை போனதும் தெருவில் குப்பை மலையாகக் குவிந்தது. குப்பை பொறுக்கிப் பிழைத்த குடும்பங்களின் பிழைப்பும் போனது. கொடுங்கையூர்க்காரர் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பன்றிகள் தெருவில் திரியக் கூடாது என்பது சரியான கோரிக்கை. அதற்கு வேறு நோய்க் காரணங்கள் உண்டு. ஆனால் அதைச் செய்துவிட்டால் இந்தக் காய்ச்சலிலிருந்து தப்பிவிட்டோம் என்று நினைத்துவிடக் கூடாது. கறி நன்றாக வெந்திருந்தால் சாப்பிடலாம், சாப்பாட்டால் இது பரவுவதில்லை.

கொடுங்கையூர் செல்வம் | வியாழன், காலை 7:40

நன்றி வாத்தியாரே. பன்றி வளர்க்கிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கின்றன. காய்ச்சல் செய்தி வந்தாலே அவர்களைக் கண்டு எல்லோரும் ஒதுங்குவார்கள், நானும் ஒதுங்கியிருக்கிறேன். அந்த வீட்டுப் பையன் என் மகளோடு படிக்கிறான்.

காசிமேட்டான் | வியாழன், காலை 8:05

நேற்று அக்காவிடம் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேனே, அதற்குக் காரணம் உண்டு.

2015-இல் எங்கள் அப்பாவுக்கு வயது 52. மீன் ஏலத்தில் குரல் கொடுக்கிற ஆள். விடியற்காலை மூன்று மணிக்கு அவர் கத்தினால் துறைமுகத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். சர்க்கரை இருந்தது, மாத்திரை ஒழுங்காகப் போட மாட்டார். காய்ச்சல் வந்தது. முதல் நாள் ஊசி. இரண்டாம் நாள் இன்னொரு ஊசி. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நாங்கள் எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். நான்காம் நாள் திரும்பக் காய்ச்சல். அன்று அம்மாவிடம் ஏதோ சொல்ல வந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி மூச்சு இழுத்துவிட்டு மீதியைச் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், பார்த்தேன். களைப்பு என்று நினைத்தேன். ஏலத்தில் கத்துகிற மனிதருக்கு ஒரு வாக்கியம் முடிக்க மூச்சு போதவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஆறாம் நாள் சேர்த்தோம். எட்டாம் நாள் இல்லை.

"பன்னிக்காய்ச்சல்" என்று ஒருவர் முதல் நாளே சொல்லியிருந்தார். நாங்கள்தான், அப்படிச் சொன்னால் மீன் வாங்க யாரும் வர மாட்டார்கள் என்று வாயை மூடிக்கொண்டோம்.

ராயபுரம் நர்ஸ் அக்கா | வியாழன், காலை 8:30

தம்பி, நீங்கள் சொன்ன அந்த விஷயத்தை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் குறைந்து, ஒரு நாள் தெளிவாக இருந்து, திரும்பக் காய்ச்சலும் இருமலும் ஏறினால் அது நிமோனியா பிடித்ததற்கான அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீங்கள் அப்போது சின்னப் பையன். உங்கள்மேல் தவறில்லை.

மிண்ட் மருந்துக்கடை | வியாழன், காலை 10:50

கடையில் கூட்டம் குறைந்ததும் எழுதுகிறேன். ஐப்பசி கார்த்திகை வந்துவிட்டால் தினமும் இதே கதைதான். "அண்ணே, காய்ச்சலுக்கு ஒரு செட்டு கொடுங்க." செட்டு என்றால் ஒரு ஆன்டிபயாடிக், ஒரு சளி மாத்திரை, ஒரு வலி மாத்திரை. சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடுதான் ஃப்ளூ ஏறுகிறது, அதே நேரத்தில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் வருகின்றன. எது என்று தெரியாமல் செட்டு கொடுப்பது பாவம்.

ஃப்ளூ வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. மேலே பாக்டீரியா தொற்று சேர்ந்தால் மருத்துவர் எழுதுவார், அது வேறு. வலி மாத்திரை இன்னும் ஆபத்து. டெங்குவாக இருந்துவிட்டால் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகள் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். இருமல், தொண்டை வலி, மூக்கு ஒழுகல் தூக்கலாக இருந்தால் ஃப்ளூ பக்கம். இருமலே இல்லாமல் கண்ணுக்குப் பின்னால் வலி, தோலில் சிவப்புப் புள்ளி, வயிற்று வலி, வாந்தி என்றால் டெங்குவைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் கலந்து குழப்பவும் செய்யும். அதனால்தான் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு எதுவும் நீங்களாகப் போடாதீர்கள் என்கிறேன்.

அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பாராசிட்டமால் 650 போட்டுவிட்டு, கூடவே சளிக்கு என்று ஒரு மாத்திரை போடுவார்கள். அந்தச் சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும். ஒரே மருந்து இரண்டு மடங்காகக் கல்லீரலுக்குப் போகும். அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், அல்லது கடைக்காரரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு வயதைச் சொல்லி வாங்காமல் எடையைச் சொல்லி வாங்குங்கள், ஒரு வேளைக்கு, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

ஓசல்டாமிவிர் சாப்பிட்டால் சிலருக்குக் குமட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் அது குறையும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது என்று மீதியை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள், அது தவறு. ஐந்து நாளும் காலை ஒன்று, இரவு ஒன்று.

பெரம்பூர் பெரியவர் | வியாழன், நண்பகல் 12:10

ஒன்றை யாரும் சொல்லவில்லை. நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர். என் வீட்டில் மழைக்காலம் பூராவும் வாரம் மூன்று நாள் காய்ச்சுகிறோம். என் 74 வயதில் இதுவரை ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்ததில்லை.

ராயபுரம் நர்ஸ் அக்கா | வியாழன், மதியம் 1:00

ஐயா, நானும் நிலவேம்பு குடித்து வளர்ந்தவள்தான், அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. குடிப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் காய்ச்சலை அது தடுக்கும், ஓசல்டாமிவிருக்குப் பதிலாக நிற்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. "கஷாயம் கொடுத்திருக்கிறோம், இரண்டு நாள் பார்ப்போம்" என்று காத்திருந்து நான்காம் நாள் நீலம் பாய்ந்து வந்தவர்களை நான் வாங்கிப் படுக்கையில் போட்டிருக்கிறேன். கர்ப்பிணிக்கு, சித்த மருத்துவரிடமே கேட்காமல் கொடுக்கவும் கூடாது.

உங்களுக்கும் 74 வயது, காய்ச்சல் வந்தால் நீங்களே இரண்டாம் வகைதான். இந்த ஆண்டு ஃப்ளூ தடுப்பூசி போட்டீர்களா?

பெரம்பூர் பெரியவர் | வியாழன், மதியம் 1:20

போடவில்லை அம்மா. ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்றார்கள்.

ராயபுரம் நர்ஸ் அக்கா | வியாழன், மதியம் 1:45

இங்கே பெரும்பாலும் போடுவது செயலிழக்கச் செய்த வைரஸ் ஊசி. அதிலிருந்து ஃப்ளூ வராது. கை வலிக்கும், ஒரு நாள் உடம்பு லேசாகச் சுடும். ஊசி போட்ட வாரத்தில் வேறு சளி பிடித்தாலும் பழி ஊசி மேல்தான் விழும்.

வைரஸ் முகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார அமைப்பு ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்தெந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. அதனால் போன ஆண்டு போட்டது இந்த ஆண்டுக்குப் போதாது. போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும். நம் ஊருக்கு மழைக்கு முன்னால், ஆகஸ்ட் செப்டம்பரில் போட்டுக்கொள்வது நல்லது. தவறவிட்டாலும் இப்போதும் போடலாம். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். போட்டவர்களுக்கும் வரும், ஆனால் நுரையீரல் வரை போய்ப் படுக்கையில் தள்ளுவது குறையும்.

கர்ப்பிணிகள் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது. தாய் போட்டுக்கொண்டால் அவள் உடம்பில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்தான் பிறக்கும் குழந்தைக்கு முதல் சில மாதங்களுக்குக் காவல். இது இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை, வெளியே காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதிப் பெண்களுக்கு அது பெரிய தொகை. மருத்துவமனையில் இருந்த வரை கூட்டம் தவறாமல் இதைக் கேட்டேன், இன்னும் கேட்கிறேன்: கர்ப்பிணிகளுக்காவது இதை இலவசமாகத் தர வேண்டும்.

வண்ணை மல்லி | வியாழன், மாலை 4:30

மன்னியுங்கள், தூங்கிவிட்டேன். நேற்று இரவே மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். எக்ஸ்ரே வேண்டாம், மூச்சு நன்றாக இருக்கிறது என்றார் அந்த டாக்டரம்மா. குழந்தையின் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். காலை வரை கண்காணித்துவிட்டு, என்னென்ன வந்தால் திரும்ப வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினார்கள். குழந்தை அசைவு குறைந்தாலும் வரச் சொன்னார்கள். நான்கு வயது மகளுக்கும் மாமியாருக்கும் தடுப்பாக மருந்து வேண்டுமா என்று கேட்டேன். நாளை இருவரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது வேறு பிரச்சினை. வீட்டுக்காரர் இருமுவதும் இரவில் நாங்கள் ஓடியதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பம்பில் தண்ணீர் அடிக்கப் போனால் எதிர் வீட்டு அக்கா தன் குடத்தை நகர்த்தி வைத்துக்கொள்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் வீட்டிலும் 3 வயதுக் குழந்தை இருக்கிறது. ஒரே அறையில் ஆறு பேர் எப்படித் தனிமையில் இருப்பது? ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டுமா? அன்று இவருக்குக் காய்ச்சலே இல்லையே.

எண்ணூர் பாரதி | வியாழன், மாலை 5:15

மல்லி அக்கா, கொரோனா சமயத்தில் நாங்கள் ஏழு பேர் ஒரு அறையில் இருந்தோம். செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தனி அறை இல்லாவிட்டால் காற்றுதான் நமக்குத் தனி அறை. சன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள், மழை என்றாலும் ஒரு கதவாவது திறந்திருக்கட்டும். அண்ணனைச் சன்னல் ஓரமாகப் படுக்க வையுங்கள், மின்விசிறி காற்று அவரைத் தாண்டி வெளியே போகும்படி. மற்றவர்கள் அவர் கால் பக்கம் தலை வைத்துப் படுங்கள். இரண்டு மூன்று அடி இடைவெளி அதிலேயே கிடைத்துவிடும். முகக்கவசம் வீட்டுக்குள் அவர் போட்டுக்கொள்வதுதான் முக்கியம். பணிவிடை எல்லாம் நீங்கள் ஒருவர் மட்டும் செய்யுங்கள், மாமியாரை விடாதீர்கள். மகன் என்ற பாசத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டே இருப்பார், எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. நாத்தனாரையும் பிள்ளைகளையும் சமையல்கட்டுப் பக்கம் படுக்க வைக்க முடியுமா பாருங்கள்.

தட்டு, தம்ளரைத் தூக்கி எறிய வேண்டாம், சோப்பு போட்டுக் கழுவினாலே போதும். துண்டு மட்டும் தனித்தனி.

பம்புக் கைப்பிடிக்கு ஒரு வழி இருக்கிறது. நாங்கள் ஒரு சோப்பை வலைப்பையில் போட்டுப் பம்பிலேயே கட்டித் தொங்கவிட்டோம். அடித்து முடித்ததும் அந்தத் தண்ணீரிலேயே கையைக் கழுவிவிட்டுக் குடத்தைத் தூக்குவது. முதலில் நாங்கள் மட்டும் செய்தோம், பிறகு எல்லோரும் செய்தார்கள்.

வியாசை வாத்தியார் | வியாழன், மாலை 6:00

சோப்பு யோசனை அருமை. இந்த வைரஸுக்கு வெளியுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு என்ன செய்கிறதோ அதையே இதற்கும் செய்யும். இரும்பு, பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பான பரப்பில் ஒன்றிரண்டு நாள் வரை அது உயிரோடு இருக்கலாம். ஆனாலும் அதிகம் பரவுவது பக்கத்தில் இருமும்போது பறக்கும் துளிகளால்தான்.

வளைகாப்பு விஷயம்: காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவும். தொற்றி ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பட்டது புதன்கிழமை நாத்தனாரிடம் தெரிந்ததும் அந்தக் கணக்குத்தான். அதனால் சொல்லுங்கள். யார் மேல் குற்றம் என்ற பேச்சே வேண்டாம். "வந்தவர்களில் கர்ப்பிணி, சர்க்கரை உள்ளவர், கைக்குழந்தை யாருக்காவது காய்ச்சல் இருந்தால் உடனே காட்டுங்கள்" என்று ஒரு வரி போதும்.

மூத்த பையனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். அவனுக்குக் காய்ச்சல் வந்தால், மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகுதான் அனுப்ப வேண்டும். பிள்ளைகளிடமிருந்து ஒரு வாரத்துக்கு மேலும் பரவலாம் என்பதால் நான் என் வகுப்பில் ஒரு வாரம் கேட்பேன். பரீட்சை என்று காய்ச்சலோடு அனுப்புகிற பெற்றோர்களிடம் கைகூப்பிக் கேட்டிருக்கிறேன். விடுப்புக் கடிதத்தில் என்ன காய்ச்சல் என்று எழுதத் தயங்காதீர்கள், அதை வைத்து வேறு எந்தப் பிள்ளையை ஒதுக்கவும் நான் விட மாட்டேன்.

வண்ணை மல்லி | வெள்ளி, இரவு 9:10

எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். திருவொற்றியூரில் நாத்தனாரின் ஓரகத்திக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலாம், ஆஸ்துமா வேறு இருக்கிறது. "சாதாரணச் சளி என்று விட்டிருந்தோம்" என்றார்கள். இன்று காலை போய்க் காட்டி மருந்து ஆரம்பித்துவிட்டார்கள்.

மகளுக்கு இன்று லேசாகச் சுடுகிறது. மருத்துவமனையில் காட்டிவிட்டோம், எடை பார்த்து அவளுக்கும் மருந்து. மாமியாருக்கு இதுவரை ஒன்றும் இல்லை, அவருக்குத் தடுப்பாகத் தினம் ஒரு வேளை மாத்திரை எழுதியிருக்கிறார்கள். பம்பில் சோப்பு கட்டியாகிவிட்டது. மாமியார்தான் கட்டினார். பழைய வெங்காய வலை.

கொடுங்கையூர் செல்வம் | சனி, காலை 7:00

எங்கள் தெருப் பம்பிலும் இன்று கட்டினேன் தங்கச்சி.

வண்ணை மல்லி | திங்கள், இரவு 8:45

வீட்டுக்காரருக்கு ஐந்து நாள் மருந்து முடிந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் மட்டும் இருக்கிறது. நாத்தனாருக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை, மாத்திரையும் இன்றோடு முடிகிறது. மகளும் தோசை கேட்டுச் சாப்பிட்டாள்.

இப்போது எழுதுவது வேறொன்றுக்காக. எதிர் வீட்டு அக்கா சற்று முன் கதவருகில் வந்து நின்றார். "உள்ளே வாங்க" என்றதற்கு வரவில்லை, அங்கேயே நின்று, "அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரிக்குள்ளே எந்த வாசல் வழியா போனீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அவருடைய மூன்று வயதுக் குழந்தைக்கு மதியத்திலிருந்து காய்ச்சலும் இருமலும். தூங்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன், 34 வந்தது. பால் குடித்திருக்கிறான். நர்ஸ் அக்கா, இன்றிரவே போகவா, காலையில் போகவா?

ராயபுரம் நர்ஸ் அக்கா | திங்கள், இரவு 8:52

அந்த வயதுக்கு நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டால்தான் வேகமான மூச்சு, 34 பரவாயில்லை. விலா எலும்புக்குக் கீழே உள்ளே இழுக்கிறதா என்று சட்டையைத் தூக்கிப் பாருங்கள். இழுக்கவில்லை, பாலும் குடிக்கிறான் என்றால் காலையில் முதல் வேலையாகப் போகலாம். ஐந்து வயதுக்கு உட்பட்டவன், அதனால் அதற்கு மேல் தள்ளாதீர்கள். இரவில் இரண்டு மணிக்கொருமுறை எண்ணச் சொல்லுங்கள். 40 ஆனாலோ, பால் மறுத்தாலோ, எழுப்பினால் சரியாக முழிக்காவிட்டாலோ உடனே கிளம்ப வேண்டும்.

வண்ணை மல்லி | திங்கள், இரவு 9:05

பார்த்துவிட்டேன், இழுக்கவில்லை. எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் வீட்டில் கடிகாரம் ஓடவில்லை, எங்கள் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். காலை ஆறரைக்குத் தம்பி ஆட்டோ கொண்டுவருகிறான், நானும் கூடப் போகிறேன்.